வண்டிக்கும் ஒரு மூக்கு உண்டு!

பெட்ரோல் பங்க்கில் நமக்கு வருகிற விழிப்புணர்ச்சி வேறு எங்கேயும் வராது. "ஸார், ஜீரோ பாத்துக்குங்க" என்று பையன் சொன்னதும், நகைக் கடைத் தராசைப் பார்ப்பது போல மீட்டரை முறைக்கிறோம். போட்டு முடித்த பிறகும் விடுவதில்லை. குழாயில் தொங்குகிற கடைசி நாலு சொட்டையும் நம் டாங்க்குக்குள் உதறச் சொல்லி, அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியைத் திருகுகிறோம்.

நல்லது. காசு கொடுத்து வாங்குகிற சரக்கு, பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஒரு லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு உங்கள் வண்டி எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று என்றைக்காவது ஜீரோ பார்த்ததுண்டா?

சின்னக் கணக்குதான். பயப்படாதீர்கள், பரீட்சை இல்லை. ஒரு பங்கு பெட்ரோல் ஒழுங்காக எரிய வேண்டுமென்றால் எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ சொச்சம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆக, ஏறக்குறைய 11 கிலோ காற்று. காற்று லேசான ஆசாமி. ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் காற்றின் எடை 1.2 கிலோதான். வகுத்துப் பாருங்கள். சுமார் 9,000 லிட்டர்!

உங்கள் மொட்டை மாடியில் கறுப்பாக ஒரு தண்ணீர் டாங்க் உட்கார்ந்திருக்குமே, 1,000 லிட்டர். அதைப் போல ஒன்பது டாங்க் காற்று. ஒரு மனிதன் ஒரு நாள் முழுக்க இழுக்கிற மூச்சும் ஏறக்குறைய இந்த அளவுதான். நாம் 24 மணி நேரத்தில் இழுப்பதை, உங்கள் பைக் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் போய் வருவதற்குள் இழுத்துத் தீர்த்துவிடுகிறது.

அதுவும் என்ன காற்று? ஊட்டி மலைக் காற்றா? முன்னால் புகை விட்டுக் கொண்டு போகும் லாரி, தார்ப்பாய் போடாமல் மணல் சிந்திக் கொண்டு போகும் டிப்பர், மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளம், கேபிளுக்குத் தோண்டிய பள்ளம், ஏன் தோண்டினோம் என்று தோண்டியவர்களே மறந்து போன பள்ளம்... இத்தனையும் கலந்த காற்று. நாமாவது கர்ச்சீப்பைக் கட்டிக் கொள்கிறோம். வண்டி என்ன செய்யும்?

வண்டிக்கும் ஒரு கர்ச்சீப் உண்டு. ஏர் ஃபில்டர். ஸீட்டுக்கு அடியிலோ, பக்கத்து மூடிக்குள்ளோ, ஒரு கறுப்பு டப்பாவில் குடியிருக்கும். கைக்குட்டை அளவு சமாசாரம். புது வண்டி வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சர்வீஸுக்கு விட்டால் அவர்களே மாற்றி, பில்லில் போட்டுவிடுவார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வாரம்.

எங்கள் ஆபீஸில் அப்படி ஒரு தம்பி இருக்கிறான். அக்கவுண்ட்ஸ் செக்ஷன். வயசு 26. அவனிடம் இருப்பது அவனைவிட வயசில் மூத்த வண்டி. யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல். அவன் அப்பா வாங்கியது. அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டார். வண்டி இருக்கிறது.

இந்த வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1985-ல் வந்து 1996-ல் நின்று போனது. 98 ஸி.ஸி. தான். ஆனால் 11 குதிரை சக்தி. அந்தக் காலத்தில் காலேஜ் வாசலில் இது உறுமினால் புல்லட்டே திரும்பிப் பார்க்கும். இன்றைக்கு நல்ல நிலைமையில் ஒன்று கேட்டுப் பாருங்கள். லட்ச ரூபாய்க்கு மேல் சொல்வார்கள், அதையும் முகத்தைத் திருப்பிக் கொண்டு சொல்வார்கள்.

தம்பி ஒரு நாள் டீக்கடையில் பையைத் திறந்து காட்டினான். உள்ளே பளபளவென்று ஒரு வஸ்து. குரோமியத் தொப்பி, சிவப்புத் துணி, கூம்பு வடிவம். ஐஸ்க்ரீம் கோனைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது.

"என்னப்பா இது?"

"கோன் ஃபில்டர் ஸார்! பழைய டப்பா, ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் கழட்டிக் கடாசிட்டு, இதை நேரா கார்புரேட்டர் வாயில மாட்டிடணும். சவுண்டு சும்மா அதிரும். பிக்கப் பிச்சுக்கும்!"

"யார் சொன்னா?"

"ஃப்ரெண்டு ஸார். அவன் வண்டியில போட்டிருக்கான்."

"அவன் வண்டி எப்படி ஓடுது?"

"இப்ப ஷெட்டுல நிக்குது ஸார்..."

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் மெக்கானிக் பாயிடம் போனோம். முப்பத்தைந்து வருஷமாக டூ ஸ்ட்ரோக் வண்டிகளோடு குடித்தனம் நடத்துகிறவர். வண்டி கார்பன் எடுக்க வேண்டிய கெடுவில் இருந்ததால் முதலில் அந்த வேலையை ஆரம்பித்தார். நாலு நட்டைக் கழற்றி ஹெட்டைத் தூக்கினார். பிஸ்டன் தலையில் இருந்த கரியைத் துணியால் துடைத்தார். கீழே ஒரு எண் தெரிந்தது. 75.

பாய் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, இது எத்தனாவது போர் தெரியுமா?" என்றார்.

தம்பிக்குத் தெரியவில்லை. உங்களுக்காகவும் சொல்கிறேன்.

இந்த வண்டியின் சிலிண்டர் வாய் கம்பெனியிலிருந்து வரும்போது 50 மில்லி மீட்டர். தேய்ந்து போனால் லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். இதைத்தான் 'போர் போடறது' என்கிறோம். கடையில் வழக்கமாகக் கிடைக்கும் பெரிய பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 என்று நாலு அளவு. ஆக, ஒரு சிலிண்டருக்கு ஒரிஜினல் உயிர் ஒன்று, அதற்கு மேல் நாலு உயிர். பிஸ்டன் தலையில் 75 என்றால் மூன்று போயாச்சு. பாக்கி ஒன்று.

"அதுக்கப்புறம் என்ன பாய் பண்றது?"

"ஸ்லீவ் அடிக்கலாம். வேற பிளாக் தேடலாம். ஆனா இது உங்க அப்பா ஓட்டின பிளாக்கு. இரும்பு வளராது தம்பி."

தம்பிக்கு ஒன்று நினைவு வந்தது. வண்டியின் டூல் பாக்ஸில் அவன் அப்பாவின் குட்டி டைரி ஒன்று இருந்தது. தபால் துறையில் வேலை பார்த்த மனிதர், எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். பெட்ரோல் எத்தனை லிட்டர், ஆயில் எவ்வளவு, மீட்டரில் எத்தனை கிலோ மீட்டர். நடு நடுவே ஒரே மாதிரி ஒரு வரி: 'ஸ்பாஞ்ச் கழுவியது'. மூன்று மாசத்துக்கு ஒரு தரம், பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி தவறாமல் எழுதியிருந்தார்.

1994-லிருந்து 2008 வரை அவர் கையில் வண்டி இருந்திருக்கிறது. அந்தப் பதினாலு வருஷத்தில் ஒரே ஒரு போர். பிறகு ஊரில் செங்கல் சூளை பார்த்துக் கொண்டிருந்த சித்தப்பாவுக்கு வண்டி போனது. அங்கே யாரோ ஒரு புண்ணியவான், "ஸ்பாஞ்ச் எதுக்கு, அடைச்சுக்கும். கழட்டிட்டா வண்டி ஃப்ரீயா மூச்சு விடும்" என்று சொல்லி எடுத்து எறிந்திருக்கிறான். நாலு வருஷத்தில் இரண்டு போர். சூளைப் புழுதிக்கு எதிரே தடுப்பு எதுவும் இல்லை.

அப்பா கையில் பதினாலு வருஷம், ஒரு போர். சித்தப்பா கையில் நாலு வருஷம், ரெண்டு போர். நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு துண்டு ஸ்பாஞ்ச்!

தூசி அப்படி என்னதான் செய்யும் என்கிறீர்களா? ரோட்டுப் புழுதியில் நிறைய இருப்பது மணல் தூள். மணல் என்பது குவார்ட்ஸ். கடினத்தில் உங்கள் சிலிண்டர் இரும்பைவிட அது கெட்டி. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் இருப்பது தலைமுடி கனத்துக்கும் குறைவான சந்து, அதில் ஓர் ஆயில் படலம். கண்ணுக்குத் தெரிகிற பெரிய மண்ணைக் காட்டிலும், 10, 20 மைக்ரான் அளவில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பொடிதான் பெரிய வில்லன். (ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான்.) ஆயிலோடு அது சேர்ந்ததும் அசல் உப்புத்தாள் பேஸ்ட். பிஸ்டன் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் போய் அதை அரைக்கிறது. அம்மியில் மசாலா அரைத்தால் குழம்பாவது கிடைக்கும். இங்கே அம்மியே அரைபடுகிறது.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு கஷ்டம். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் காற்று நேராக சிலிண்டருக்குப் போகிறது. டூ ஸ்ட்ரோக்கில் முதலில் கீழே கிராங்க் கேஸுக்குப் போய்விட்டுத்தான் மேலே வரும். அதாவது, தூசி முதலில் கிராங்க் பேரிங்குகளை நலம் விசாரித்துவிட்டு, பிறகு பிஸ்டனைப் பார்க்க வரும். ஃபில்டர் இல்லாத டூ ஸ்ட்ரோக், கதவு இல்லாத வீடு.

சரி, எந்த ஃபில்டர் வாங்குவது? கடையில் போய் நின்றால் மூன்று ரகம் காட்டுவார்கள்.

முதல் ரகம், ஸ்பாஞ்ச். ஃபோம் என்பார்கள். ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் கம்பெனியே கொடுத்தது. இது காய்ந்து கிடந்தால் வேலை செய்யாது. ஆயிலில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். ஓட்டைகள் பெரிசுதான்; ஆனால் காற்று வளைந்து நெளிந்து போகும்போது தூசி ஆயிலில் ஒட்டிக் கொள்ளும். ஈ ஒட்டும் காகிதம் மாதிரி. மலிவு. கழுவிக் கழுவிப் போடலாம்.

இரண்டாவது, பேப்பர். நாலு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். கொசுவம் வைத்த புடவை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். பொடித் தூசியைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். இதில் ஒரு வேடிக்கை: புதுசாக இருக்கும்போது பிடிப்பதைவிட, கொஞ்சம் தூசி படிந்த பிறகு இன்னும் நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசியே ஒரு சல்லடை ஆகிவிடுகிறது. ஆகவே, வாரா வாரம் பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் காற்று அடித்து 'சுத்தம்' செய்கிறவர்கள் புண்ணியம் செய்யவில்லை. வேகமான காற்றில் பேப்பர் கிழியும். கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. இதிலேயே ஆயில் பூசிய பேப்பர் ஒன்று உண்டு, தொட்டால் பிசுபிசுக்கும். அதைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது. கெடு முடிந்தால் தூக்கிப் போட்டுப் புதிது போடுவது ஒன்றே வழி.

மூன்றாவது, காட்டன். நம்ம பிளாஸ்திரி போடுகிற காஸ் துணி மாதிரி நாலைந்து அடுக்கு, இரண்டு பக்கமும் கம்பி வலை, மேலே ஆயில். அமெரிக்காவில் கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட் என்று இரண்டு பேர் ஆரம்பித்த கே அண்ட் என் கம்பெனி பிரபலப்படுத்திய ரகம். கழுவலாம், பல வருஷம் வரும். விலை ஜாஸ்தி. பிரத்தியேகமான ஆயில் வேண்டும். ஆயிலைக் குறைத்தால் தூசி உள்ளே. கூட்டினால் மூச்சு முட்டும். உங்கள் வண்டியின் பழைய டப்பாவுக்குள்ளேயே உட்காருகிற மாதிரி செய்த ஒரிஜினல் கிடைத்தால், பராமரிக்கப் பொறுமையும் இருந்தால், போடலாம். தப்பில்லை. ஆனால் பேரில் ஓர் எழுத்தை மாற்றிக் கொண்டு, சிவப்புத் துணி கட்டி வருகிற சகோதரர்கள் நிறைய. அவற்றில் சிவப்பு மட்டும்தான் நிச்சயம்.

தம்பியின் கோன் இந்தக் கடைசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் பற்றி பாய் சொன்னதைக் கேளுங்கள்.

"தம்பி, அந்தக் கறுப்பு டப்பாவைச் சும்மா வெச்சிருக்கான்னு நெனச்சியா? எவ்வளவு காத்து வரும்னு கணக்குப் போட்டுத்தான் கார்புரேட்டர்ல ஜெட்டு வெச்சிருக்கான். டப்பாவைக் கழட்டினா காத்து ஜாஸ்தி வரும். பெட்ரோல் அதே அளவுதான் வரும். கலவை வறண்டு போவும். எஞ்சின் சூடாவும். டூ ஸ்ட்ரோக்ல சூடு ஏறினா என்ன ஆவும்? பிஸ்டன் கவ்விக்கும். ரோடு நடுவுல பின் சக்கரம் நிக்கும்."

"ஆனா சவுண்டு..."

"சவுண்டு வரும். டப்பா பாதி நேரம் அந்தச் சத்தத்தைத்தான் அடக்கிட்டு இருந்துச்சு. சத்தம் ஏறினா உனக்கு வேகம் ஏறின மாதிரி இருக்கும். வண்டிக்கு இருக்காது."

நமக்கெல்லாம் காதால் வண்டி ஓட்டுகிற பழக்கம். பாய் ஒரேயடியாக மறுக்கவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "ரேஸ்காரங்க போடறாங்க. பெரிய ஜெட்டு நாலஞ்சு வாங்கி மாத்தி மாத்திப் போட்டு, ஃபுல் த்ராட்டில்ல ஓட்டி, ப்ளக்கைக் கழட்டிக் கலர் பார்த்து ஸெட் பண்ணுவாங்க. காபி கலர்ல இருந்தா சரி. வெள்ளையா இருந்தா வறட்சி. கறுப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. நீ ஆபீஸுக்குப் போறவன். உனக்கு எதுக்கு? இன்னொண்ணு, மழை வந்தா என்னைக் கூப்பிடாதே."

மழை விஷயம் விளையாட்டில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் சென்னைவாசிகள் தண்ணீருக்குள் வண்டி ஓட்டிப் பழகிக் கொண்டார்கள். டப்பாவின் மூச்சுத் துவாரம் மேலே ஒளிந்திருக்கும். கோன், சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீருக்கு எதிரே வாயைத் திறந்து கொண்டு நிற்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் உதைக்கிற உதையில் கனெக்டிங் ராடு வளைந்து போகும்.

இன்றைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், ஜெட்டை மாற்றாத பழைய கார்புரேட்டரில் கலவை ஏற்கெனவே கொஞ்சம் வறண்டுதான் போகிறது. அதற்கு மேல் கோனையும் மாட்டினால், வெயிலில் நடந்து வந்தவனுக்கு மிளகாய் பஜ்ஜி கொடுத்த கதை.

"மைலேஜ் கூடுமா ஸார்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆபீஸ்காரர்களிடம் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். புது வகை ஃபில்டரால் கூடும் என்பதைவிட, அடைத்துப் போன ஃபில்டரால் குறையும் என்பதே சரி. அடைத்த ஃபில்டர் என்பது நிரந்தரமாகச் சோக் இழுத்து வைத்த மாதிரி. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன இணையதளம் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. பழைய கார்புரேட்டர் கார்களில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் சாதாரணமாக 2 முதல் 6 சதவீதம் வரை மிச்சமாகலாம். ரொம்ப மோசமாக அடைத்திருந்தால் 14 சதவீதம் வரைகூட. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இந்த லாபம் இல்லை. அங்கே கம்ப்யூட்டரே காற்றுக்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக் கொள்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு நம் ஊர் பைக்குகளும் பெரும்பாலும் அப்படி ஆகிவிட்டன. ஆகவே மைலேஜுக்காக ஃபில்டரைப் பார்க்க வேண்டியவர்கள் நம்ம பழைய வண்டிக்காரர்கள்தான்.

இனி கடைக்குப் போகலாம். ஜி.பி. ரோடோ, புதுப்பேட்டையோ, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையோ, எங்கே போனாலும் பழையதைக் கையில் எடுத்துக் கொண்டு போங்கள். "ஆர்எக்ஸுக்கு ஃபில்டர்" என்று வாயால் மட்டும் கேட்டால், கடைக்காரர் வாயால் மட்டும் "கரெக்டா உக்காரும் ஸார்" என்பார்.

ஸ்பாஞ்ச் என்றால் விரலால் அமுக்குங்கள். விட்டதும் பழைய உருவத்துக்கு வர வேண்டும். விரலில் பொடி ஒட்டக் கூடாது. ஒட்டிய இடத்தில் பசை விட்டிருக்கக் கூடாது. கூண்டின் மேல் மாட்டினால் தொளதொள என்று இருக்கக் கூடாது. பேப்பர் என்றால் மடிப்புகள் சீராக இருக்கின்றனவா, ரப்பர் விளிம்பு மிருதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே செல்போன் டார்ச்சை அடித்து வெளியிலிருந்து பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அந்தக் காலத்து கம்பெனி ஸ்டாக் ஒண்ணு இருக்கு, கவர் பிரிக்கல" என்று முப்பது வருஷத்து ஸ்பாஞ்சை எடுத்து வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு விட்டு வந்துவிடுங்கள். கியர், கிராங்க், கார்புரேட்டர் என்றால் பழைய ஸ்டாக் தங்கம். ஸ்பாஞ்ச் அப்படியல்ல. காற்றில் உள்ள ஈரத்திலேயே அது வருஷக் கணக்கில் நைந்து போகும். கவருக்குள் இருந்தாலும் நையும். வாங்கி மாட்டிய ஒரு மாசத்தில் உதிர்ந்து, தூசியைத் தடுக்க வேண்டியது தானே தூசியாகிக் கார்புரேட்டருக்குள் போய்விடும். ரப்பருக்கும் இதே விதி. பழைய தலையணையை வெட்டி வைக்கிற கெட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: தலையணை தூங்குவதற்கு.

நல்ல ஃபில்டர் வாங்கியும் வீணாகிற இடம் ஒன்று உண்டு. டப்பாவுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. பழைய வண்டியில் அது வெடித்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். காற்று சோம்பேறி. சுலபமான வழி இருந்தால் ஸ்பாஞ்ச் வழியாக ஏன் போக வேண்டும்? விரிசல் வழியாகப் போய்விடும். முன் வாசலில் கூர்க்காவை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. ஒரு வெள்ளைத் துணி போதும். அந்த ரப்பர் குழாயைக் கழற்றி உள்பக்கத்தை ஒரு தரம் துடையுங்கள். லேசான ஆயில் கறை வந்தால் பரவாயில்லை. விரலில் தேய்த்துப் பார்க்கும்போது நறநறவென்றால் எங்கேயோ ஓட்டை. ஃபில்டர் என்ன விலை, எந்த நாட்டுச் சரக்கு, என்ன கலர் என்பதெல்லாம் அப்புறம். அந்த வெள்ளைத் துணி சொல்வதுதான் தீர்ப்பு. ஃபில்டரின் வேலை காற்றை உள்ளே விடுவது மட்டுமல்ல, மண்ணை வெளியே நிறுத்துவது. முதல் வேலையை ஒரு வெறும் ஓட்டைகூடச் செய்யும்.

தம்பியின் வண்டிக்குப் பாய் புது ரப்பர் குழாயும், புது ஸ்பாஞ்சும் போட்டார். இரண்டும் சேர்த்து ஒரு ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு. அந்தக் கோன் இப்போது அவன் மேஜையில் நிற்கிறது. தலைகீழாக நிறுத்தி வாயில் பேனாக்களைச் செருகி வைத்திருக்கிறான். நிஜமாகவே அழகாக இருக்கிறது. மானேஜர்கூட எங்கே வாங்கியது என்று கேட்டார்.

டைரியை அவன் தொடர்ந்து எழுதுகிறான். போன மாசம் அப்பாவின் கடைசி வரிக்கு அடுத்த பக்கத்தில், அவன் கையெழுத்தில் முதல் தடவையாக அந்த இரண்டு வார்த்தை. 'ஸ்பாஞ்ச் கழுவியது.' மீட்டர் ரீடிங்கும் போட்டிருந்தான்.

பாக்கி இருக்கிற ஓர் உயிர், அவன் பிள்ளைக்கு மிஞ்சலாம்.

கொசுறு: ஸ்பாஞ்ச் கழுவும் முறை கேட்பவர்களுக்கு. மண்ணெண்ணெயில் அலசுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீ ஆபத்து, ஒட்டின பசையும் விட்டுப் போகும். பிறகு சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர். துணி மாதிரி முறுக்கிப் பிழியாதீர்கள், கிழியும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்கினால் போதும். நிழலில் நன்றாக உலர விட்டு, ஆயிலில் முக்கி, சொட்டாத அளவுக்கு அமுக்கி எடுத்து மாட்டுங்கள். அப்படியே டப்பாவின் உள்பக்கத்தையும் துடைத்துவிடுங்கள். மொத்தம் அரை மணி வேலை, அதுவும் உலர்கிற நேரம் நீங்கலாக. ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யலாம். வீட்டில் வேறு வேலை சொல்ல மாட்டார்கள் என்பது உபரி லாபம்!